கட்டை மீன் இழுத்த நாள்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிய குடியிருப்பு, அதற்குள் குளிர்சாதன மண்டபம். வாசலில் நின்ற பெண் பன்னீர் தெளித்து, கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொட்டலத்தைத் திணித்தாள். உள்ளே மஞ்சள் அரிசி. மேடையில் தூவுவதற்கான அட்சதை. என் கை என்ன செய்தது தெரியுமா? என்னைக் கேட்காமலே பொட்டலத்தை மூடிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. கண் வாசல் பக்கம் காக்கிச் சட்டையைத் தேடியது. ஒரு கைப்பிடி அரிசியைக் கண்டால் இன்னும் திருட்டு முழி முழிக்கிற ஆள் மலாக்காவில் நான் ஒருவன்தான் மிச்சம் என்று நினைக்கிறேன். இன்னொருவன் இருந்தான். கோவிந்தன்.

பொட்டலத்தைக் கொஞ்சம் பிரித்து முகர்ந்து பார்த்தேன். மஞ்சள் வாசம் வந்தால் உங்களுக்கு மணவறை ஞாபகம் வரும். எனக்கு ஏரிச் சேறு, மீன் வழுவழுப்பு, வெயிலில் நின்ற ஜீப்பின் எண்ணெய் நாற்றம் எல்லாம் சேர்ந்து வரும். மூக்கு கெட்டுப்போனவன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நானும் கோவிந்தனும் காஜா பேராங்கில் ஒரு சைக்கிள் கடையில் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாத்தியாரைக் கேட்டால், பள்ளிக்கூடம்தான் என்னை விட்டுப் பிழைத்தது என்பார். கடையில் கோவிந்தன் டியூப் ஒட்டுவான், நான் பேசுவேன். இரண்டும் சேர்ந்தால்தான் வாடிக்கையாளர் காத்திருப்பார் என்று முதலாளியே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

சுதந்திரம் வரப்போகிறது என்று கடைத்தெருவில் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் அவசரகாலச் சட்டம் இன்னும் கழுத்தை விட்டு இறங்கவில்லை. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று தோட்டத்துப் பாதைகளில் முள்கம்பி வேலி போட்டு, கேட் வைத்துச் சோதித்தார்கள். கேட்டைத் தாண்டி அரிசி, ரொட்டி, பொங்கிய சோறு எதுவும் போகக் கூடாது. பால் டின் வாங்கினால்கூடக் கடைக்காரரே மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். பதுக்கினால் கெட்டுப்போகட்டும் என்று. ஒரு பொட்டலம் அரிசிக்காகப் பிடிபட்ட ரப்பர் பால்வெட்டுக்காரர் ஒருவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை நான் கேட் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் மனைவி லாரிக்குப் பின்னாலேயே செருப்பில்லாமல் ஓடினாள். லாரி நிற்கவில்லை.

இதில் எங்கள் பிரச்சினை என்னவென்றால், அந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி இருந்தது. ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் எடுக்கத் தோட்டக்காரர்கள் அணை கட்டி நிறுத்திய ஏரி. அதில் தோமான் உண்டு. நம் விராலுக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கரிய முதுகு, நாய்ப் பல், தொடை கனத்துக்கு உடம்பு. தோமான் மண்புழுவை எட்டிப் பார்க்காது. அதற்குச் சின்ன மீன் வேண்டும். சின்ன மீன் பிடிக்கச் சோற்றுருண்டை வேண்டும். சோற்றுருண்டையோடு கேட்டுக்குப் போனால் நம்மைத்தான் லாரியில் பிடித்துப் போடுவார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சைக்கிள் பழுதுக்கு வந்தது. பின்பக்கப் பையில் என்னவோ குத்துகிறதே என்று கையை விட்டால், ஒரு மரமீன், தூண்டிலில் கட்டுகிற பொய் மீன். விரல் நீளம். வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள். தாடைக்குக் கீழே நாக்கு நீட்டியதுபோல் ஒரு தகடு. தெங்கேரா கடற்கரையில் மலாய்க்கார மீனவர்கள் படகு போகும்போதே பின்னால் இறகு கட்டிய தூண்டிலை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன், ‘துண்டா’ என்பார்கள். இரையே வேண்டாம், ஓடுகிறதே என்று துரத்தி வந்து கடிக்கும் கடல்மீன். ஏரியில் ஏன் இழுக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. சைக்கிள் அன்றைக்கே சரியாகிவிட்டது. ஆனால் பழுது பெரிய பழுது என்று சொல்லி மறுநாள்வரை கடையில் நிறுத்தி வைத்தோம். மரமீனைப் பார்த்துப் படி எடுக்க வேண்டாமா?

குளியலறையில் போடும் சீனக் கட்டைச் செருப்பு ஒன்று ஜோடி தொலைந்து கிடந்தது. கோவிந்தன் அதைச் செதுக்கினான். வயிற்றில் துளை போட்டு சைக்கிள் பால்ரஸ் குண்டுகளை அடைத்து மெழுகால் மூடினான். நாக்குக்குப் பால் டின் மூடியை வெட்டினோம். சர்க்கார் உத்தரவுப்படி ஆணி அடித்த ஓட்டை அதில் ஏற்கெனவே இருந்ததால், திருகாணி போட எங்களுக்கு ஒரு வேலை மிச்சம். பக்கத்தில் மலாக்கா செட்டிகள் குடியிருப்பு. சாமி பெயர் எல்லாம் தமிழ், பேசுவது மலாய். அவர்கள் கோயில் சுவருக்குப் பட்டை அடித்து மிச்சம் வைத்திருந்த சிவப்பையும் வெள்ளையையும் கேட்டு வாங்கினேன். தலை சிவப்பு, உடம்பு வெள்ளை. கோயில் மதில் மாதிரியே இருந்தது.

வீட்டுக்கு எதிரே இருந்த பெரிய வாய்க்காலில் நூல் கட்டி இழுத்துப் பார்த்தோம். முதலில் அது குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகவே போய்ச் சுவரில் மோதியது. மூக்கு வளையத்தை எதிர்ப்பக்கம் ஒரு நூல் அளவு வளைத்தான் கோவிந்தன். இந்தப் பக்கம் மோதியது. திரும்ப வளைத்தான். கடைசியில் தலையை ஆட்டி, வாலை நெளித்து, நேராக நீந்தியது பாருங்கள், வாய்க்காலில் கிடந்த தவளை ஒன்று பயந்து கரை ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவு. அதற்கு முந்தின நாள்தான் கோவிந்தனுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா சின்னையா. தோட்டத்துக் கேட்டில் எஸ்.சி., அதாவது ஸ்பெஷல் கான்ஸ்டபிள். எங்களைச் சோதிக்க வேண்டிய ஆளே அவர்தான். எனக்கு இதைவிடச் சந்தோஷம் என்ன வேண்டும்? சைக்கிளை மிதித்துக்கொண்டே கோவிந்தனைக் கிண்டல் செய்துகொண்டு போனேன். மாமனார் உன் சட்டைப் பையில் கைவிட்டால் சீர்தான் வைப்பார், எதையும் எடுக்க மாட்டார் என்றேன்.

அப்படித்தான் ஆனது. சின்னையா என்னைச் சும்மா விடவில்லை. மடி, பை, தொப்பி, தூண்டில் நரம்பு சுற்றிய டின் எல்லாவற்றையும் உதறினார். கட்டை மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல சோறு எங்கடா வச்சிருக்க?”

“சோறு கெடயாது மாமா. ஒரு பருக்கை இல்லாம மீன் கொண்டாறேன். வந்து பாருங்க.”

கோவிந்தன் பக்கம் திரும்பியதும் அவர் கை தானாகக் கீழே இறங்கியது. நேற்றுத்தான் தாம்பூலம் மாற்றியிருக்கிறார்கள். இன்றைக்கு மாப்பிள்ளையை நிற்க வைத்து இடுப்பைத் தடவுவாரா?

“மாப்ளே, நீங்க போங்க. ஆறு மணிக்கு கேட்டு மூடிருவோம். அதுக்குள்ள வந்துருங்க.”

போனோம். தண்ணீர்ப் பம்பு பார்க்கும் ஆளிடம் ஒரு பழைய சம்பான் படகு இரவல் வாங்கினோம். கோவிந்தன் துடுப்புப் போட, நான் பின்னால் உட்கார்ந்து தங்கூஸ் நரம்பை விட்டேன். முதல் தடவை என்பதால் எல்லாம் தப்பாகவே போனது. வேகமாகத் துடுப்புப் போட்டால் கட்டை மீன் தண்ணீருக்கு மேலே குப்புறப் புரண்டு ஓடியது. மெதுவாகப் போட்டால் மிதந்தது. நரம்பைக் கொஞ்சமாக விட்டால் படகுக்குப் பின்னாலேயே நுரையில் வந்தது. நிறைய விட்டால் ஆழத்துக்குப் போய், அணை கட்டியபோது மூழ்கிய மரங்களில் போய் முட்டியது. கோவிந்தன் ஒரு மாதிரி சீராகத் துடுப்புப் போடும்போது மட்டும் விரலில் ஒரு நடுக்கம் வரும். மீன் தலையாட்டுகிற நடுக்கம். அந்த நடுக்கம் இருந்தால் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கவே வெயில் சாய்ந்துவிட்டது.

அப்புறம் நடுக்கம் சட்டென்று நின்றது. மரத்தில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் நரம்பு அறுந்துவிடும். இருப்பதோ ஒரே ஒரு கட்டை மீன். கோவிந்தன் முங்கி எடுக்கிறேன் என்று சட்டையைக் கழற்றினான். கைலிக்கு மேலே கட்டியிருந்த அகலமான பச்சை பெல்ட்டையும் கழற்றி என்னிடம் கொடுத்தான்.

“பத்திரமா வச்சிரு. நனஞ்சிரக் கூடாது.”

பெல்ட் பையில் ஏதோ உருண்டையாக இருந்தது. அவன் தண்ணீருக்குள் போனதும் நான் சும்மா இருப்பேனா? வெளியே எடுத்தேன். சேலை ஓரத்தில் கிழித்த துண்டு, இறுக்கமாக முடிந்திருந்தது. மூக்கில் மஞ்சள் வாசம். விரலால் அழுத்தினேன், உள்ளே கரகரவென்றது.

அரிசி.

படகு ஆடவில்லை, ஆனாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சுற்றிலும் ரப்பர் மரங்கள், அதற்குப் பின்னால் காடு. நாங்கள் கேட்டுக்கு வெளியே, காட்டோரம், கையில் அரிசி முடிச்சோடு இருக்கிறோம். சர்க்கார் கணக்கில் இதற்கு வேறு பெயரே கிடையாது. லாரிக்குப் பின்னால் ஓடிய அந்தப் பெண்ணின் கால் எனக்கு ஞாபகம் வந்தது.

கோவிந்தன் கட்டை மீனை வாயில் கவ்விக்கொண்டு மேலே வந்தான். முடிச்சைக் காட்டினேன். கட்டை மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டான்.

“என்னாடா இது?”

“அட்சதை. நேத்து அத்தை முடிஞ்சு குடுத்தாங்க. தாலி கட்டுற வரைக்கும் இடுப்ப விட்டு எறங்கக் கூடாது.”

“டேய், இது அரிசிடா.”

அவன் படகைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. நேற்றிலிருந்து அதை இடுப்பில் வைத்திருக்கிறான். கேட்டில் எதெது கொண்டுபோகக் கூடாது என்று என்னிடம் அவனே ஒப்பித்தும் இருக்கிறான். இரண்டும் ஒரே பண்டம் என்று ஒரு நிமிடம்கூட அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றாது. அரிசி சட்டியில் வேகும். அட்சதை தலையில் விழும். நம் வீடுகளில் யார் இரண்டையும் ஒன்றாக நினைத்திருக்கிறார்கள்? அத்தைக்கும் தோன்றவில்லை பாருங்கள், அவர் புருஷனே கேட்டில் நிற்கிறார்.

ஏரியில் கொட்டிவிடு என்றேன். முடியாது என்றான். அவிழ்த்தால் கல்யாணமே அவிழ்ந்துபோகும் என்று அத்தை சொல்லியிருக்கிறார்களாம். மரத்தடியில் புதைத்துவிட்டுப் பிறகு வந்து எடுக்கலாம் என்றேன். இடுப்பை விட்டு இறங்கக் கூடாது என்றான். இப்போதுதான் இறக்கி என் கையில் கொடுத்தாயே என்று கேட்டேன்.  பெல்ட்டைப் பிடுங்கி ஈர உடம்பிலேயே கட்டிக்கொண்டான். “மாமா என்னைத் தொட மாட்டாரு,” என்றான். அது உண்மைதான். அதை நம்பித்தான் நாங்கள் இருக்க வேண்டும்.

போய்விடலாம் என்று படகைத் திருப்பினான். கோபத்தில் ஒரே பக்கம் துடுப்புப் போட்டான், படகு வட்டமடித்தது. நரம்பைச் சுருட்ட எனக்கு மறந்துவிட்டது. வட்டத்தின் வெளிப்பக்கம் கட்டை மீன் வேகம் எடுத்து ஓடியிருக்க வேண்டும். நரம்பு சுற்றிய டின் என் கையை விட்டுப் பறந்து படகின் பின்பலகையில் அடித்தது. நரம்பு விரலை அறுத்தது. பாய்ந்து பிடித்தேன். அந்தப் பக்கம் யாரோ கயிற்றைப் பிடித்து ஆழத்துக்கு நடந்துபோவதுபோல் இழுத்தது. கோவிந்தன் துடுப்பைப் போட்டுவிட்டு என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.  அது ஓடும்போது விட்டு, நிற்கும்போது இழுத்து, கடைசியில் படகோரம் வந்தபோது வாயில் கோயில் மதில் குறுக்காக மாட்டியிருந்தது. கையைவிட நீளமான தோமான்.

சந்தோஷப்பட நேரம் இல்லை. சூரியன் ரப்பர் மரங்களுக்குள் இறங்கிவிட்டது. மீனைச் சைக்கிள் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு மிதித்தோம்.

கேட்டுக்கு முன்னால் ஒரு ஜீப் நின்றது.

இளம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருக்க, கம்பத்தில் சாய்ந்து நின்றார். சின்னையா விறைப்பாகப் பக்கத்தில். காலையில் நான் அடித்த சவடாலை அவர் சிரிப்புக்காகத் துரையிடம் சொல்லியிருக்கிறார்: இரை இல்லாமலே மீன் பிடிக்கப் போயிருக்கிறார்கள் என்று. துரை அந்த மீனைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். மலாயில்தான் பேசினார். இதற்கு என்ன இரை போட்டீர்கள்? நான் கட்டை மீனைக் காட்டினேன். மரத்தைக் கடிக்க மீனுக்குப் பைத்தியமா என்று கேட்டார். சோறா, கிழங்கா, எங்கே ஒளித்தீர்கள்?

பிடிக்காமல் வந்திருந்தால் சிரித்து உள்ளே விட்டிருப்பார். பிடித்து வந்ததுதான் தப்பாகப் போனது.

கேட் ஓரத்தில் தீயணைக்கத் தண்ணீர் நிரப்பிய தொட்டி இருந்தது. நான் அனுமதிகூடக் கேட்கவில்லை. கட்டை மீனை அதில் போட்டு நரம்பைப் பிடித்து நடந்தேன். கை நடுங்கியது, அதனால்தானோ என்னவோ, அது முன்னைவிட அழகாக நெளிந்தது. துரை குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை இழுக்கச் சொன்னார். அவர் முகம் சின்னப் பையன் முகமாக மாறியது. தப்பித்தோம் என்று நினைத்தேன். நிமிர்ந்ததும் பழைய முகம் வந்துவிட்டது. சின்னையாவிடம் சொன்னார், இரண்டு பேரையும் சோதி, நன்றாகச் சோதி.

சின்னையா என்னைச் சோதித்தார். செருப்பைக்கூடக் கழற்றச் சொன்னார். பிறகு கோவிந்தன் முன்னால் போய் நின்றார். கை எழவில்லை. துரை பின்னாலேயே நின்றார்.

“மன்னிச்சிருங்க மாப்ளே,” என்று முனகிக்கொண்டு சின்னையா தொட்டார். தோள், கக்கம், முதுகு. கை இடுப்புக்கு வந்தது. பெல்ட் பைமேல் நின்றது. விரல்கள் ஒரு தடவை அழுத்தின. கரகரப்பு எனக்கே கேட்டதுபோல் இருந்தது.

அவர் முடிச்சை வெளியே எடுத்தார். அந்தத் துணியை அவருக்குத் தெரியும். அவர் வாங்கிக் கொடுத்த சேலையின் ஓரம் அது.  மறைத்தால் அவர் வேலையும் போய் அவரும் உள்ளே போவார். காட்டிக்கொடுத்தால் மாப்பிள்ளை லாரியில் ஏறுவான். மகளுக்கு நேற்று வைத்த பூ இன்னும் வாடியிருக்காது.

“அப்பா இத்து?” என்றார் துரை. அது என்ன என்று கேட்கிறார்.

சின்னையா துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எல்லோரும் பார்க்க, நிதானமாக முடிச்சை அவிழ்த்தார்.

“குனிங்க மாப்ளே.”

கோவிந்தன் குனிந்தான். சின்னையா மஞ்சள் அரிசியை அள்ளி அவன் ஈரத் தலையில் போட்டார். இரண்டு கையாலும், ஒரு மணி மிச்சமில்லாமல்.

“நல்லா இருங்க. எம்மவளும் நீங்களும் நல்லா இருங்க.”

அரிசி தலையில் ஒட்டியது போக மற்றதெல்லாம் செம்மண் சேற்றில் விழுந்தது. சின்னையா திரும்பி, வெறும் துணியைத் துரையிடம் நீட்டினார்.

“செம்பாயாங், துவான். இவன் என் மருமகன்.” சாமி கும்பிடுகிற சமாச்சாரம் என்று சொன்னார்.

துரை துணியை வாங்கவில்லை. சேற்றைப் பார்த்தார். பூட்ஸ் நுனியால் ஒரு மணியைப் புரட்டினார். கோவிந்தன் குனிந்தபடியே இருந்தான். நிமிரலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஜீப்பின் மேல் ஈ மொய்க்கிற சத்தம் கேட்டது. கடைசியில் துரை மெதுவாகச் சொன்னார்: அடுத்த தடவை வேலிக்கு உள்ளே நின்று சாமி கும்பிடுங்கள். சொல்லிவிட்டுத் தொட்டி அருகே போய், எங்கள் கட்டை மீனை எடுத்து உதறித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மும்முனை முள் பையில் மாட்டிக்கொண்டதைக்கூடக் கவனிக்காமல் ஜீப்பில் ஏறினார்.

ஜீப் வளைவில் திரும்பி மறைந்தது. பிறகு சின்னையா துணியை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். “வீட்ல சொல்லாதீங்க. நானே முடிஞ்சு கொண்டாந்து தர்றேன்,” என்றார். அன்று இரவே காஜா பேராங்குக்கு வந்தார். தன் வீட்டு அரிசியில், தன் கையால் மஞ்சள் கலந்து, அதே துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். மஞ்சள் சரியாகப் பிடிக்காமல் திட்டுத்திட்டாக இருந்தது. கோவிந்தன் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டான். தோமான் குழம்பை மூன்று பேரும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு அந்தக் கேட்டில் சின்னையா முதலில் தடவியது மாப்பிள்ளையைத்தான். கல்யாணம் முடிந்து பிள்ளை பிறந்த பிறகும், நேரே கையை இடுப்புக்குத்தான் கொண்டுபோவார்.

சுதந்திரம் வந்தது. துரை கப்பல் ஏறினார். எங்கள் கோயில் மதில் இப்போது எந்தச் சீமை ஏரியில் தலையாட்டுகிறதோ. கட்டைச் செருப்பில் அதற்குப் பிறகு எத்தனையோ செதுக்கினோம். எதுவும் அந்த மாதிரி ஓடவில்லை. முள்கம்பியை உருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். சின்னையா போனார், கோவிந்தனும் போய்ச் சேர்ந்தான். ஏரியை நிரப்பி மேடாக்கி வீடு கட்டினார்கள். ஆமாம், நான் கல்யாணத்துக்குப் போன குடியிருப்பு அதுதான். மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம் எங்கள் கட்டை மீன் சிக்கிய பக்கம் என்று என் கணக்கு. நிச்சயமாகச் சொல்ல இப்போது ஆள் இல்லை.

மேடையில் மாலை மாற்றியதும் எல்லோரும் பொட்டலத்தைக் கிழித்து வீசினார்கள். புகைப்படக்காரர் நகர்வதற்குள் ஒரு பெண் துடைப்பத்தோடு வந்து அரிசியைக் கூட்டி அள்ளிவிட்டாள். நான் என்னுடையதைப் பிரிக்கவில்லை. திரும்பும்போது குடியிருப்பு வாசலில் தடுப்புக் கம்பம், காக்கிச் சட்டையில் ஒரு காவலாளி. என் கை சட்டைப் பைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் என் பையைப் பார்க்கவே இல்லை. சலாம் வைத்துக் கம்பத்தைத் தூக்கினார். மஞ்சள் அரிசியோடு நான் வெளியே வந்தேன். கேட்க ஒருவரும் இல்லை.